ஒன்பது குடம் கீழே, ஒரு குடம் மேலே

காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குத் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். முதலில் கண்ணில் பட்டது தொட்டியின் தரை. இரவு முழுவதும் ஏறிய தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டிய தரை அது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு மரவட்டை போனது.

அண்ணனைக் கூப்பிட்டேன். பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். பற்பொடியைத் துப்பிவிட்டு, காதைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூன்று நாளாகக் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ‘டொக், டொக்’ சத்தம் இல்லை.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வருவதாக ஏற்பாடு. வீட்டுக்காரருடைய மனைவியையும் காரில் அழைத்து வருகிறார். குழாயில் தண்ணீர் வந்தால் அந்த அம்மாள் மழைக்காலம் வரை இந்த வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் அதே காரில் கீழே திரும்ப வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மாசி கடைசி. சேலத்தில் அப்போதே மத்தியானத்தில் தார் இளக ஆரம்பித்திருந்தது. அண்ணன் அஸ்தம்பட்டியில் குழாய் பிட்டர். ஏற்காட்டு பங்களாக்களுக்குக் குழாய் வேலை செய்யப் போய் வந்து பழகியவர். நான் பத்திரிகை வேலையில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு அவருடன் வந்திருந்தேன். பைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். தண்ணீர் தானாக மலை ஏறும் என்று அவர் சொன்னதை நேரில் பார்க்கத்தான் நான் வந்தேன்.

வீடு ஏற்காட்டையும் தாண்டி, கார் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரை மைல் தள்ளி, ஒரு முகட்டின் மேல் இருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, சுற்றிக் காப்பிச் செடி. வாங்கியவர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் கிணற்றுப் பாசனத்தில் விவசாயம் செய்பவர். மனைவிக்கு நெஞ்சில் நோய் வந்து, வைத்தியம் பார்த்துத் தேறிய பிறகு, வெயில் காலத்தை மலைக்காற்றில் கழிக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் வாங்கிய வீடு.

போன வருஷமே வீட்டுக்காரர் மனைவியை ஒரு தடவை இங்கே கூட்டி வந்திருக்கிறார். ஊற்று வீட்டுக்குத் தொண்ணூறு அடி கீழே. வெட்டிய படிகள் நூற்று நாற்பது. தண்ணீர் எடுக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவள் வரவில்லை. அந்த அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு தானே இறங்கிவிட்டார். இரண்டாம் நடையில் மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். அதனால் டாக்டரம்மா இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சமையலறையில் குழாய், வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ், இரண்டையும் நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டில் குடமே இருக்கக்கூடாது. குடத்தைப் பார்த்தால் அந்த அம்மாள் எடுப்பார்.

அந்த முகட்டில் கரண்டு கிடையாது. எண்ணெய் எஞ்சினை ஒற்றையடிப் பாதையில் கொண்டு வர முடியாது. அண்ணன் மூடிப்போன ஓர் எஸ்டேட்டில் கிடந்த பழைய ராம் பம்பைக் கண்டுபிடித்து நாலு ஆள் வைத்துத் தூக்கி வந்தார். பார்ப்பதற்கு ஒரு இரும்புப் பெட்டி மேல் இரும்புக் கூஜாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஊற்றிலிருந்து ஒரு பெரிய பைப் சரிவில் இறங்கி அதற்குள் வருகிறது. வேகமாக வந்த தண்ணீர் ஒரு வால்வு வழியாக வெளியே கொட்டும். வேகம் முற்றியதும் அந்த வால்வு ‘டொக்’ என்று தானே மூடிக்கொள்ளும். வந்த வேகத்துக்கு வேறு வழி இல்லாமல் கொஞ்சம் தண்ணீர் கூஜாவுக்குள் பாய்ந்து, மெல்லிய பைப் வழியாக மேலே ஏறும். வால்வு மறுபடி விழும், மறுபடி கொட்டும். எண்ணெய் வேண்டாம், ஆள் வேண்டாம். ஆனால் ஒரு குடம் மேலே போக ஒன்பது குடம் கீழே கொட்டியாக வேண்டும்.

அது முதல் தடவை ஓடியபோது நான் மேலே தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பைப்பின் வாயில் முதலில் காற்று வந்தது. பிறகு துருச் சிவப்பில் ஒரு துளி. பிறகு கீழே கேட்கும் ஒவ்வொரு ‘டொக்’குக்கும் மேலே ஒரு சின்னப் பீய்ச்சல். தொண்ணூறு அடிக்குக் கீழே அடித்த அடி என் கண் முன்னால் தண்ணீராகத் துள்ளியது. நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரும் தலையை விட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் நனைந்தோம்.

பிறகு அவர் படி இறங்கிப் பம்பைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

அவருடைய ஊரில் கிணறு அறுபது, எழுபது அடி. மாடு கட்டி இறைக்கும் தண்ணீர் வாய்க்காலில் போகும்போது எலி வளையில் ஒரு கை போனால்கூட மண்வெட்டியோடு ஓடுகிறவர்கள். அவர் கண் முன்னால் நல்ல ஊற்றுத் தண்ணீர் ராப்பகலாகப் பள்ளத்தில் கொட்டுகிறது. பத்துக்கு ஒன்று என்கிற கணக்கை எவன் ஒத்துக்கொள்வான் என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் இரண்டு தடவை விளக்கினார். அவர் இரண்டு தடவையும் ‘சரிங்க’ என்றார்.

செப்டிக் டேங்க் விஷயத்திலேயே இருவருக்கும் ஒரு சுற்று நடந்திருந்தது. வீட்டுக்காரர் ஊற்றுப் பக்கத்துச் சரிவைக் காட்டினார், அங்கே மண் இளக்கம். அண்ணன் முடியவே முடியாது என்று முகட்டின் மறுபக்கத்தில் பாறை கொத்த வைத்தார். கட்டி முடித்ததும் அதைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும் என்றார். இரண்டு நாள் மலை ஏறிய தண்ணீர் முழுவதும் அந்தக் குழிக்குள் போனதை வீட்டுக்காரர் கைகட்டி நின்று பார்த்தார். ஒரு கூடை சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்த வேலை வந்தது. தானே கரைத்தார். பினாயில் மட்டும் உள்ளே போகக் கூடாது, குழி செத்துப்போகும் என்று அண்ணன் சொன்னதை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார்.

முந்தின நாள் சாயங்காலம் குழி நிறைந்தது. தொட்டியைக் கழுவி வடியவிட்டு, கஞ்சி குடித்த பிறகு, படுக்கும் முன்னால் அண்ணன் வடிகால் மூடியை இறுக்கினார். இனி ஏறுவதெல்லாம் வீட்டுக்கு. நாங்கள் படுத்தோம். வீட்டுக்காரர் ஒரு தடவை ஊற்றைப் பார்த்துவிட்டு வாரேன் என்று போனார்.

காலையில் நாங்கள் படிகளில் ஓடி இறங்கியபோது அவரும் பின்னாலேயே வந்தார். பம்பைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. வால்வின் தண்டை மேலே தூக்கி, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. சுற்றிலும் கிழித்த துண்டு அடைத்திருந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நல்ல கைவேலை.

“நான்தானுங்க கட்டுனது” என்றார் வீட்டுக்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே. “ராத்திரி பூராம் இத்தன தண்ணி பள்ளத்துல போகுதே, ஒழுகறத அடைச்சா அதுவும் சேந்து மேல போகுமுன்னு பாத்தேன்.”

“போச்சுங்களா கவுண்டரே?” என்று கேட்டார் அண்ணன்.

அவர் மேலே பார்த்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். “சுத்தமா ஏறலீங்களா?” என்றார். 

அண்ணன் நாரை அறுத்து, துணியை உருவினார். வால்வு விழுந்தது, தண்ணீர் கொட்டியது, ஆனால் அடி விழவில்லை. துண்டின் நூல் உள்ளே போய்த் தோல் மூடியில் சிக்கியிருந்தது. ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் மூடி அது. மேல் பைப்பில் நின்ற தண்ணீரும் இரவோடு இரவாக வடிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். நட்டு எட்டு. ஏழாவது நட்டில் ஸ்பானர் வழுக்கி அண்ணனின் வலது உள்ளங்கை பிளந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. அதே துண்டில் மிச்சமிருந்ததைச் சுற்றிக்கொண்டு எட்டாவது நட்டை இடது கையால் திருப்பினார். நூலைப் பொறுக்கி எடுத்து, தோலைச் சரிசெய்து மூடியபோது மணி எட்டரை.

பம்பைக் கிளப்ப வால்வைக் கையால் அழுத்தி அழுத்தி விட வேண்டும், மேல் பைப் நிறையும் வரை. அண்ணனின் கையால் முடியாது. நான் முன்னால் போனேன். வீட்டுக்காரர் என்னை ஒதுக்கிவிட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

அழுத்தினார். தண்ணீர் பீறிட்டுப் பள்ளத்தில் விழுந்தது. “போச்சு” என்றார். மறுபடி அழுத்தினார். “போச்சு.” ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு போச்சு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதில் அவர் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. முப்பதுக்கு மேல் போச்சுக்கு மூச்சு இல்லை, உதடு மட்டும் அசைந்தது. நாற்பத்து மூன்றாவது தடவை கையை எடுத்தபோது வால்வு தானே எழுந்து அடித்தது. டொக். விழுந்தது. மறுபடி டொக்.

“கைய எடுத்துருங்க” என்றார் அண்ணன். “இனி அது பாத்துக்கும்.”

நான் நூற்று நாற்பது படியையும் ஓடி ஏறினேன். எட்டு நாற்பத்தைந்துக்குத் தொட்டியில் முதல் பீய்ச்சல்.

இனி ஒரே கேள்வி நேரம். மண் அடியில் தங்கட்டும் என்று வீட்டுக்குப் போகும் பைப்பை அண்ணன் தொட்டித் தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே வைத்திருந்தார். நல்ல வேலை. ஆனால் ஆறு அங்குலம் ஏறும் வரை குழாயில் சொட்டு வராது. அண்ணனின் மடக்கு அளவுகோலைத் தொட்டிக்குள் நிறுத்தினேன். ஒன்பதரைக்கு இரண்டு அங்குலம். பத்து பத்துக்கு நாலு. விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஐம்பதுக்கு ஆறு வரும். பத்து நிமிஷம் மிச்சம்.

டாக்டரம்மா இருபது நிமிஷம் முன்னதாக வந்துவிட்டார். பாதையின் வளைவில் முதலில் அவருடைய கறுப்புக் குடை தெரிந்தது. பின்னால் நாற்காலியில் கழிகட்டி இரண்டு பேர் தூக்கி வர, அந்த அம்மாள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று வந்தது.

“இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும் டாக்டரம்மா” என்றார் அண்ணன். நான் தொட்டியருகிலிருந்து விரல்களால் அங்குலத்தைக் காட்டினேன். ஐந்தரை.

அவர் குழாயை மூடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். வெளியில் நாற்காலியை இறக்கி வைக்கலாமா என்று தூக்கி வந்தவர்கள் கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றார். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்தே அண்ணனிடம் நடந்ததை விசாரித்தார். துண்டு வைத்து அடைத்த கதையைக் கேட்டதும் சிரித்து, சிரிப்பில் இருமல் வந்து, அடங்கியதும் சொன்னார்: “ரசத்துக்கே அளந்துதானுங்க தண்ணி ஊத்த உடுவாரு. அவருகிட்டப் போயி பத்துல ஒம்போது போகுமுன்னு சொன்னீங்களே.”

குழாய் இரண்டு தடவை விக்கியது. துருத் தண்ணீர் கொஞ்சம் துப்பியது. பிறகு நூல் மாதிரி ஒரு தாரை, வெள்ளையாக, அறுபடாமல். என் கடிகாரத்தில் பத்து ஐம்பத்து மூன்று.

டாக்டரம்மா அதில் கையை நீட்டினார். “இது குடத்துல கொண்டு வந்து ஊத்தினதா?”

அண்ணன் அவரைத் தொட்டிக்கு அழைத்து வந்தார். நான் விலகிக்கொண்டேன். டாக்டரம்மா குனிந்து, பைப்பின் வாயில் தண்ணீர் துள்ளுவதையும் பள்ளத்தில் அடி விழுவதையும் சேர்த்துக் கேட்டார். ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பிறகு கக்கூஸின் மேல் தொட்டி நிறையட்டும், சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். நாற்காலியை இறக்கச் சொல்லவில்லை. தூக்கி வந்தவர்கள் அதை ஒரு பாறை மேல் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்காரர் மேலே வரவே இல்லை. நான் போய்க் கூப்பிட்டேன். பம்புக்கு எதிரில், கொட்டும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஊட்டுல வந்துட்டாளுங்களா?”

வந்துவிட்டார் என்றேன்.

“கொழாயில?”

அதுவும் வந்துவிட்டது என்றேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. “நான் எந்திரிச்சா கொட்டற தண்ணி கண்ணுல படும், கை சும்மா இருக்காதுங்க சாமி” என்றார். “சங்கிலிய இழுத்ததும் மேலயிருந்து ஒரு சத்தம் குடுங்க.”

மேல் தொட்டி நிறைந்ததும் டாக்டரம்மா சங்கிலியை இழுத்தார். தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கி, சுவருக்கு அப்பால் முகட்டின் மறுபக்கத்துக்குப் போகும் சத்தத்தை நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம். நான் பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். தொட்டி மறுபடி நிறையும் வரை இருந்து, டாக்டரம்மா இரண்டாவது தடவையும் இழுத்தார். பிறகு நாற்காலியை இறக்கச் சொன்னார்.

இரண்டு மணிக்கு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கார் நின்ற இடம் வரை போனேன். அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். கார் கிளம்பியது. பின் சீட்டில் யாரும் இல்லை.