“ஆரம்பித்தது யார்?” என்றொரு நோட்டு

குடிநீர் அலுவலகத்துப் புகார் கவுண்ட்டரில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவளுக்கு, கத்துகிறவர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர யாருக்கும் யோக்கியதை கிடையாது. மேஜையை ஓங்கி அறைபவன் வீட்டில் மூன்று நாளாகக் குழாயில் வெறும் காற்றுதான் வரும். பயந்து போய் வந்திருப்பான். அவள் எழுதிக்கொள்வாள்: மணி எத்தனை, நடந்தது என்ன, ஆரம்பித்தது யார்.

அதே மூன்று பத்திகளோடு வீட்டிலும் ஒரு நோட்டு உண்டு. அது மேனேஜருக்கு.

மேனேஜர் என்பது உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்தி. பத்து நாளைக்கு ஒரு பூச்சி. மற்றபடி அறையை விட்டு வெளியே தலைகாட்டுவதே இல்லை. பேர் வைத்தது அவள் புருஷன். வேலை பார்க்கும் இடத்தில் அவர் என்னென்ன அனுபவித்தாரோ!

குழாய் பார்க்க வந்த, வாடகை வாங்குகிற வீட்டுக்காரர், அவள் தண்ணீர்க் கிண்ணம் மாற்றத் திறந்து வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்கு உயிர் இருக்கா?” என்று கேட்டவர், அவள் வாயைத் திறப்பதற்குள் உஃப் என்று ஊதிவிட்டார்.

காலெல்லாம் மயிர், மூச்சுக்காற்று பட்டாலே ஏதோ பெரிய மிருகம் வந்துவிட்டதாக அதற்குத் தோன்றும். முன்கால்களைத் தூக்கி, விஷப்பற்களைக் காட்டி நின்றது. வீட்டுக்காரர் பின்னால் பாய்ந்து அழுக்குத்துணிக் கூடைக்குள் உட்கார்ந்தார்.

“என்னைக் கடிக்க வந்துச்சும்மா! ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு அது போகணும், இல்ல நீங்க காலி பண்ணணும்!”

ஞாயிறன்று வாசல்படியைத் தாண்டாமல் நின்று கேட்டார். “என்ன முடிவு?”

புருஷன் காதருகே வந்தார். “இன்னொரு தடவை ஊதச் சொல்லு. அது கிட்ட வராம நிக்கிறத அவரே பாக்கட்டும்.”

“எதுக்குங்க? அது பயப்படுறத வேடிக்கை காட்டவா? மாட்டேன்.”

நோட்டை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் மேனேஜர் காலைத் தூக்கியது பதினாலு தடவை. ஆரம்பித்தது யார்? மின்விசிறி ஐந்து. புருஷன் ஆறு, அதில் நான்கு தும்மல். அவளே இரண்டு. கடைசி வரி: ‘வீட்டுக்காரர். ஊதினார். சிலந்தி இரண்டு அங்குலம் பின்னால் போய்ப் பானை ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டது.’

“பின்னாலயா போச்சு?”

“நீங்க கூடைக்குள்ள இருந்தீங்க சார், கவனிச்சிருக்க மாட்டீங்க. பெட்டி திறந்துதான் கிடந்துச்சு. கடிக்கணும்னா வெளிய வந்திருக்கும்ல? கிட்ட வராதேன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. ஆரம்பிச்சது மேனேஜர்னு ஒரு வரி காட்டுங்க, நாளைக்கே காலி பண்றோம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பதினாலு வரியையும் விரல் வைத்துப் படித்தார். அப்புறம் இன்னொரு தடவை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இந்தக் கடைசி வரிய அடிச்சிடேன்மா.”

“பதிஞ்சது பதிஞ்சதுதான் சார்.”

“சரி, இருக்கட்டும். அதுவும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா வெறுமனே ‘ஊதினார்’னு போட்டிருக்கியே… ‘லேசா’ன்னு சேத்துடும்மா.”

பதினோரு வருஷத்தில் எந்தப் புகாரையும் திருத்தாதவள், பேனாவைத் திறந்து ‘லேசாக’ என்று சேர்த்தாள். பக்கத்தில் அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.