பிரவீனாவின் புகையடுப்பு

ஒரகடத்தில் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, பிரவீனா பென்னலூர் வீட்டின் பின்கட்டில் ஒரு மின்சாரப் புகையடுப்பை வாங்கி வைத்தாள். அலமாரி மாதிரி இருக்கும். மரத்தூளைப் போட்டு, சூட்டை நூற்றுப்பத்து டிகிரியில் வைத்துவிட்டால், புகையிலேயே கோழி வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்டர் குவிந்தது. உதவிக்கு இசக்கிசெல்வி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒப்பந்த வேலை முடிந்து, மண்ணூரில் தோழிகளோடு வாடகை அறையில் இருந்தாள்.

வாடிக்கைக்காரி ஜெர்சியின் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில்தான் வினை வந்தது. விருந்தாளிகள் தட்டோடு நிற்க, கோழித்தொடையைப் பிய்த்தால் எலும்போரம் ரத்தம் கசிந்தது. பிரவீனாவுக்கு முகம் எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் இசக்கியைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னாடி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சீக்கிரமே எடுத்துட்டியா?"

"இல்லக்கா, சொன்ன நேரம் முழுக்க உள்ளதான் கெடந்துச்சு. மெசின்லயும் நூத்திப்பத்துதான் காட்டுச்சு."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

யாரோ சிரித்தார்கள். இசக்கி கைத்துண்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிரவீனாவே பக்கத்தில் நின்று வேக வைத்தாள். கதவைத் திறக்கவே இல்லை. அப்படியும் எலும்போரம் ரத்தம். வெட்டிய கத்தியை வைத்துவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் ஹீட்டரைச் சந்தேகப்பட்டாள். அது நன்றாகவே சுட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மாற்றமில்லை. மிச்சமிருந்தது சூட்டை அளக்கும் சென்சார் ஒன்றுதான். அடுப்பின் உட்சுவரிலிருந்த அந்தக் கம்பியைக் கழற்றி வெளியே இழுத்து, ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கினாள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் இருபது காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் முக்கினாள். நூற்று முப்பதைத் தாண்டியது. உள்ளே சூடு ஏறாமலே ஏறிவிட்டதாகச் சொல்லி, ஹீட்டரை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

கம்பியின் முனையைத் திருகிப் பார்த்தாள். உள்ளே ஈரம். பிறந்தநாளுக்கு முந்தின நாள், சீக்கிரம் முடியட்டும் என்று, வண்டி கழுவும் பம்பைக் கொண்டுவந்து அடுப்பின் உட்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது அவளேதான். இசக்கி எப்போதும் ஈரத்துணியால்தான் துடைப்பாள்.

புது சென்சார் வந்ததும் மாட்டி, கொதிநீரில் சோதித்தாள். நூறு. அன்று கோழி நன்றாக வெந்தது. வாயில் வைக்க மனம் வரவில்லை.

மண்ணூர் அறையில் இசக்கி கம்பெனி கேன்டீன் சீருடையில் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரவீனா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "தப்பு என்னுதுதான் இசக்கி. நான்தான் தண்ணி அடிச்சு கெடுத்தேன். திரும்ப வா."

"கோழி வேகலைன்னு நீங்க ஏசுனது எனக்குப் பெருசில்லக்கா," என்றாள் இசக்கி, தலைமுடியை முடிந்தபடி. "அத்தன பேரு முன்னால என்னப் பொய்க்காரி ஆக்குனீகல்லா, அதத்தான் தாங்க முடியல. எனக்கு வேல கெடச்சிட்டு. நா வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேனைப் பிடிக்க ஓடினாள்.

அங்கிருந்து பிரவீனா நேராக ஜெர்சி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். ஜெர்சி சிரித்தாள்.

"அட, இதுக்கா வந்தே? அந்தப் பொண்ணு பேருகூட எனக்கு ஞாபகமில்ல. விடு, உள்ள வா, காபி சாப்டு."

"இசக்கிசெல்வி," என்றாள் பிரவீனா. "அது பொய் சொல்லலக்கா. அன்னிக்கு வந்திருந்தவங்ககிட்டயும் நீங்க சொல்லணும்."

ஜெர்சி சிரிப்பை நிறுத்தி, சரி என்று தலையாட்டினாள். எத்தனை பேரிடம் சொல்வாள், சொல்வாளா என்பது பிரவீனாவுக்குத் தெரியாது. காபி குடிக்காமல் இறங்கி நடந்தாள்.