சுவரோரம் ஓடிய வயர்

எண்பத்தொன்பதில், நெல்லியடியில், சண்டையில் வீடு உடைந்தவர்களுக்குக் கூரைத்தகடு வழங்கும் ஓர் அலுவலகத்தில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது.

முன்னறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அந்த அறைப் பூட்டின் திறப்பு பெரிய கிளாக்கரிடமும் என்னிடமும்தான் இருந்தது. புதிதாக வந்த மனேச்சர் பின்வீட்டில் இருந்தார். தன்னுடைய கொம்பியூட்டரில் இருந்து இதற்குச் சுவரோரமாக ஒரு வயர் இழுத்திருந்தார். அச்சடிக்கும் இயந்திரம் அவரிடம் இருந்ததால், வயர் அதற்குத்தான் என்று நினைத்தோம்.

கொஞ்ச நாளில், கிளாக்கர் முன்பு அடித்து வைத்த விவரங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகத் தொடங்கின. காலையில் இருப்பது, அவர் மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் இல்லை. மனேச்சரிடம் சொன்னால் தன்மேல் பழி வரும் என்று அவர் வாய் திறக்கவில்லை. என்னைப் பிடித்தார்.

"உன்ரை துணியிலை என்ன வசியம் வைச்சிருக்கிறாய்? நீ துடைச்சால் உள்ளுக்கிருக்கிறதும் துடைபட்டுப் போகுது."

"நான் வெளியிலைதான் ஐயா துடைக்கிறனான்."

அவர் சிரிக்கவில்லை. "ஆர் உன்னை அழிக்கச் சொன்னது?" என்றார். அந்த நாளில் அது வேலையோடு மட்டும் போகிற கேள்வி இல்லை; உயிரையும் கேட்கும்.

"வெள்ளிக்கிழமை சந்நிதி கோயிலுக்கு வா. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணு. இல்லாட்டித் திறப்பைத் தந்திட்டு வீட்டை போ."

நான் செய்யப்போவது பொய்ச் சத்தியம் இல்லைத்தான். ஆனால் சத்தியம் செய்ய வைக்கப்பட்டவனை ஊர் பிறகு கள்ளன் என்றுதான் சொல்லும். துணியை நனைப்பதைக்கூட விட்டுவிட்டேன். மற்றத் திறப்பு அவரிடம்தானே என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த மத்தியானம் உள்ளே பூட்டிக்கொண்டு காவலிருந்தேன். யாரும் வரவில்லை. ஆனால் கொம்பியூட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கு தானாக மினுங்கியது. உள்ளே எதையோ சுரண்டுவது போல ஒரு சத்தம். மறுநாள் துணிந்து, "ஐயா, இண்டைக்கு மத்தியானம் என்னோடை உள்ளுக்கை இருங்கோ" என்றேன்.

இருவரும் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து, ஒருவர் கையை மற்றவர் பார்த்தபடி இருந்தோம். விளக்கு மினுங்கியது. கிளாக்கர் பாய்ந்து போய் எழுத்துகளைத் தட்டித் தேடிப் பார்த்தார்.

"காலையிலை இருந்ததும் இப்ப இல்லை" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் வயர் கண்ணில் பட்டது. கையால் காட்டினேன். யன்னலால் வெளியேறி, மதிலோரம் ஓடி, பின்வீட்டுக்குள் அது நுழைந்தது. இருவரும் அதன் வழியே போனோம். அங்கே மனேச்சர் தன் கொம்பியூட்டரில் குனிந்திருந்தார். என்ன செய்கிறார் என்று கிளாக்கர் கேட்டார்.

"உங்கடை டிஸ்க் நிரம்பிப்போச்சு. புதுசு எழுத இடமில்லை. பழசுகளை இங்கை எடுத்து வைச்சிட்டு அங்கை அழிக்கிறன். ஏன், ஏதும் தேடினனீங்களே?"

"இல்லை, சும்மா" என்றார் கிளாக்கர்.

வெள்ளிக்கிழமை, சைக்கிள் கரியரில் என்னை ஏற்றிக்கொண்டு அவர் சந்நிதிக்குப் போனார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கற்பூரத்தைத் தானே கொளுத்தினார். என்ன சொல்லிக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

ஒரு பொருள் காணாமல் போய், எல்லாரும் பக்கத்தில் நிற்பவனின் கையைப் பார்க்கும்போது, என் கண் இன்றும் முதலில் சுவரோரம்தான் போகிறது.