ஸொலான்ஜ் திருடிய ரோஜா

என் பக்கத்து வீட்டு ஸொலான்ஜ் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். பேருந்தில் கால் கடுத்தாலும் நின்றுகொண்டேதான் வருவார். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் காய்ச்சலுக்குக்கூட விடுப்புக் கேட்டதில்லை என்பார்கள். அதனால் அந்த ஜூன் சனிக்கிழமை அவர் என் கதவைத் தட்டி, "காரை எடுக்கிறியா? தோட்டங்களைச் சுத்திப் பாக்கணும்" என்றபோது எனக்கு வியப்பாக இருந்தது.

யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்று ஊரெல்லாம் தோட்டக் கதவுகளைத் திறந்துவைக்கும் வாரக்கடைசி அது. ஆனால் அவர் கையில் ஒரு தொட்டி இருந்தது. அதில் ஒரு கொடிரோஜா, மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து பூத்திருந்தது.

"எத்மேவுக்கு" என்றார். எத்மே அவருடைய பழைய தோழி, கணவர் ஆன்செல்மை இழந்தவர். "அடுத்த வாரம் வீட்டைக் காலி பண்ணிட்டு மக கூட இருக்கப் போறா. அதுக்குள்ள ஒண்ணைச் சொல்லியாகணும்."

ஆற்றங்கரைச் சாலையில் போகும்போது அதை முதலில் என்னிடம் சொன்னார். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கிய கிளை வேர் பிடிக்காது, திருடியதுதான் பிடிக்கும். எல்லாரும் திருடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு ஸொலான்ஜும் எத்மே வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, சுவரில் படர்ந்திருந்த ரோஜாவில் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். கிளை வந்தது. கூடவே தாய்த்தண்டு அடிவரை பிளந்துவிட்டது. குளிர்காலம் முடிவதற்குள் எத்மே வீட்டுச் செடி காய்ந்துபோயிற்று; திருடிய கிளை மட்டும் இந்தத் தொட்டியில் வேர் பிடித்தது.

"அப்பவே சொல்லலையா?"

"காலையில சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

லோஷ் நகரச் சந்தையில் காரை நிறுத்தச் சொன்னார். கூட்டத்துக்குள்ளும் தொட்டியை விடவில்லை. பாலாடைக்கட்டி விற்கும் கய்தான் பார்த்துவிட்டார்.

"அடடே, ரோஜாவோட யாரு வர்றதுன்னு பாரு! எனக்காம்மா?"

"உனக்கு முள்ளு மட்டும் வெட்டித் தர்றேன்."

"அதுதான் வீட்டுல நெறைய இருக்கே!"

அதன்பின் ஒரு பழைய கோட்டையின் காய்கறித் தோட்டம். அங்கே அவரைப் பந்தலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அடுத்த ஊரில் ஒரு மருத்துவரின் தோட்டம். பிறகு, "அந்த ஆத்துத் தண்ணியில ஓடுற மாவு ஆலைத் தோட்டத்தையும் பாத்துட்டுப் போயிடலாமே" என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் காரை ஆலைப் பக்கம் திருப்பினேன்.

எத்மே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். வாசலெல்லாம் அட்டைப்பெட்டிகள். எத்மே வெளியே வந்ததும் தொட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், இது என் ரோஜாடீ! எங்க பிடிச்சே?"

"சந்தையில..." என்று தொடங்கி ஸொலான்ஜ் நிறுத்தினார். "இல்ல. உன் சுவத்துலேர்ந்து. நான்தான் இழுத்தேன். தண்டு பிளந்துடுச்சு. பயந்து ஓடிட்டேன்."

எத்மே சிரித்தார். "திருட்டுக் கழுதை! கிளைய எடுக்காதவங்க இந்த ஊர்ல யாரு?" சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது. "பிளந்தது உன்னாலயா?"

ஸொலான்ஜ் தலையசைத்தார்.

"அந்த வாரம் ஆன்செல்ம் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சாரு. ஏணியச் சாச்சுச் செடிய ஒடச்சிட்டீங்கன்னு கத்தினேன். தொடவே இல்லன்னு எத்தனை தடவ சொன்னாரு! நான் நம்பல. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிக் காட்டினேன். சாகுற வரைக்கும் அவரு இந்தத் தோட்டத்துல கால் வைக்கல."

"எத்மே, என்னை மன்னிச்சுடு."

"எங்கிட்ட கேட்டு என்னடீ பண்றது?"

எத்மே உள்ளே போனார். பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுபார்த்தோம். அவர் திரும்பி வரவில்லை.

ஸொலான்ஜ் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போகச் சொன்னார். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. ஏழு மணிக்கே அடைத்துவிடுவார்களாம். ஆன்செல்மின் கல் தூரத்தில், கடைசி வரிசையில் இருந்தது. ஸொலான்ஜ் தொட்டியைக் கம்பிகளுக்கிடையே நுழைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"காலையில வரலாம்" என்றேன்.

அவர் பூக்களைக் கிள்ளி உள்ளே வீசினார். அவை கதவை ஒட்டியே, பெயர் அழிந்துபோன யாருடைய கல்லின் மீதோ விழுந்தன.