இரண்டு சைஸ் பெரிய தூண்டில்

ஜனவரியில் ஒரு நாள், என் மகள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனை எடுத்துப் படித்தேன். தப்புதான், எடுக்கும்போதே தெரியும். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணைப் பெற்றவளுக்குக் கை சும்மா இருப்பதில்லை. பாஸ்கோடு அவள் பிறந்த தேதி, அதற்கு மேல் கேட்பானேன். உள்ளே ஒரு மண்ணும் இல்லை. கணக்கு டீச்சரைப் பற்றிய கிண்டல், யார் வீட்டு நாய்க்குட்டியோ, ஏகப்பட்ட மீன் படங்கள். எதற்கு இவ்வளவு மீன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தலையில் துண்டோடு வந்து நின்றாள். கத்தவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றே பாஸ்கோடும் மாறியது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எனக்குக் கிடைத்தவை மூன்றே வார்த்தைகள்: ஃபைன், ஓகே, நத்திங். மற்றதெல்லாம் அவள் அப்பா வழியாக வரும். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ரசம் வேண்டும் என்பதைக்கூட அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் பாவம், தபால்காரராகவே ஆகிவிட்டார். நான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்கிற வீம்பு விடவில்லை.

மே மாதம், டெக்சஸில் நாங்கள் இருக்கும் பிளானோவில், டோல்வேயில் காரில் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடியே அவள் பேசினாள். பள்ளியின் பாஸ் மீன்பிடி டீமில் சேர்ந்துவிட்டாளாம். ராட், ரீல், லைன் வாங்க வேண்டுமாம், அதாவது தூண்டில் கம்பு, நூல் சுற்றும் உருளை, நூல். என்னால் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்றாள். மூன்று முழு வாக்கியங்கள், இங்கிலீஷில்தான், ஆனாலும் முழு வாக்கியங்கள். சந்தோஷத்தில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

பாஸ் என்பது இங்கே ஏரிகளில் இருக்கும், வாய் அகன்ற ஒரு மீன். அதைப் பிடிக்கப் பள்ளிகளில் டீம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். வஞ்சிரத்துக்குப் பேரம் பேசியே வளர்ந்த எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, மகள் பேசுகிறாளே.

கடை கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. ராட்கள் வரிசை வரிசையாக நின்றன. அவள் நேராகப் போய் மெல்லியதாக ஒன்றை எடுத்து, லேசாக ஆட்டி, நுனி வளைவதைப் பார்த்தாள். முகத்தில் நான்கு மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம். அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"என்னடி இது, முருங்கைக் கொம்பு மாதிரி இருக்கு? ஒடிஞ்சுடும்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு எதையும் இரண்டு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். யூனிஃபார்மை மடித்துத் தைத்துக்கொள்ளலாம், ஷூவுக்குள் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், இவளையும் அப்படித்தான் வளர்த்தேன். தூண்டிலுக்கு மட்டும் வேறு சட்டமா? இருப்பதிலேயே நீளமான, விறைப்பான ராடைத் தேர்ந்தெடுத்தேன். காலேஜ் வரைக்கும் வரும். அதற்குத் தோதாக, கையில் எடுத்தால் அம்மிக்குழவி மாதிரி கனக்கிற ஒரு ரீல். லைனில் எட்டு பவுண்டு, ஐம்பது பவுண்டு என்று போட்டிருந்தது. அது எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்கிற கணக்கு. மூன்று பவுண்டு மீனுக்கு எட்டு பவுண்டே போதும் என்றார் கடைக்காரர். அவர் அப்படித்தான் சொல்வார், அறுந்தால் இன்னொன்று விற்கலாமே. ஐம்பது பவுண்டு முறுக்கு நூலையே எடுத்தேன். ராடைக் கையில் கொடுத்தபோது அவள் "ஓகே" என்றாள். அது எந்த ஓகே என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சனிக்கிழமை காலை ஏரிக்கரை. பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் எலுமிச்சை சாத டப்பாவோடு. மற்ற பிள்ளைகள் கையைச் சுண்டினால், ரப்பர் புழு மாட்டிய லைன் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. என் மகள் இரண்டு கையாலும் அந்த உலக்கையை வீசினாள். புழு அவள் காலடியிலிருந்து ஆறடி தள்ளி விழுந்தது. அந்த ராடை வளைக்க அந்தப் புழுவுக்குக் கனம் போதாது. ரீல் மட்டும் நிற்காமல் சுற்றி, உள்ளே நூல் சிக்கிக் குருவிக்கூடு ஆனது. கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்தாள். மறுபடி வீசினாள், மறுபடி கூடு. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை.

பயிற்சியாளர் தன்னுடைய ராடைக் கொடுத்துப் பார்த்தார். மெல்லியது, கடையில் அவள் முதலில் எடுத்ததைப் போலவே. கையைச் சுண்டினாள். லைன் சத்தமில்லாமல் நீண்டு, வெகு தூரத்தில் ஒரு வட்டம் எழுந்தது. இவள் கையைப் பற்றி இவளுக்கே தெரிந்திருந்தது. நான்தான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரை ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"உன்னைக் கேட்டு வாங்கியிருக்கணும். கேட்காம வாங்கினது என் தப்பு. கேட்காம உன் போனை எடுத்ததும் தப்பு. சாரிடா."

அவள் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "இட் வாஸ் சோ ஹெவி, அம்மா. கை வலிச்சுது" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் நாசூக்காகத் திரும்பிக்கொண்டார். நான்கு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அங்கேயே இறங்கிவிட்டது. டப்பாவிலிருந்த சாதத்தை இரண்டு பேரும் ஒரே ஸ்பூனால் சாப்பிட்டோம்.

நேரே அந்தக் கடைக்குப் போனோம். இந்தத் தடவை நான் மூன்று அடி பின்னால் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்குச் சஷ்டி விரதத்தைவிடக் கஷ்டம். நடுத்தர ராட், உள்ளங்கையில் அடங்குகிற ரீல், கண்ணுக்கே தெரியாத எட்டு பவுண்டு லைன் என்று அவளே எடுத்தாள். நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும், உன் கைக்குச் சரியா பார் என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய ராட் இப்போது எங்கள் கராஜில் இருக்கிறது. என் கணவர் அதில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடிக்கிறார். காலேஜ் வரைக்கும் வரும்.

இரண்டு வாரம் கழித்து அதே ஏரியில் அவளுக்கு முதல் மீன் மாட்டியது. லைன் அறுந்துவிடுமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அறுபடவில்லை. ஈரக் கைகள் இரண்டிலும் மீனை ஏந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, போன் என் பாக்கெட்ல இருக்கு. போட்டோ எடு, சீக்கிரம், விடணும்."

போனை எடுத்தேன். அவள் ஆறு எண்களைச் சொன்னாள். மற்ற பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.

பூட்டிய போனில் படம் எடுக்கப் பாஸ்கோடு தேவையே இல்லை. எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? மூன்று படம் எடுத்தேன். நடுவில் ஏதோ மெசேஜ் வந்து திரையின் மேலே நின்றது. நான் மீனையே பார்த்தேன். அவள் குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டாள். நான் போனை அவள் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்தேன்.