முன்னால் போகிறவர் சொல்ல வேண்டியது

சின்ன வயதில் புகழேந்தி சாயங்காலம் மாடு ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். மற்ற பிள்ளைகளும் விளையாட்டுக்கு அப்படிப் பிடிப்பதுண்டு. அவர் பிடித்தது வழி தெரியாததால். அது அவருக்கே அப்போது தெரியாது. இருட்டினால் மனிதனுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும், ஓரமெல்லாம் அடைத்துக்கொள்ளும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். மாலைக்கண் என்று ஒன்று உண்டு என்பது பள்ளிப் பாடத்தில் வந்தது. கீரை சாப்பிடாதவர்களுக்கு வரும் என்று அதில் போட்டிருந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, அறுப்பறுத்துப் பிழைத்தவர்கள். அந்த வீட்டில் வயிறு நிறையக் கிடைத்தது கீரை ஒன்றுதான். ஆகவே அந்த நோய் தனக்கு இருக்க முடியாது என்று முடிவு செய்துகொண்டார்.

இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஏழெட்டுக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது வேலை. இருபத்தாறு வருடமாகப் போடுகிறார். இந்த வேலைக்குக் கண் பெரிதாக வேண்டியதில்லை. தோள்வரை கையுறை மாட்டி, மாட்டின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதெல்லாம் கைதான். அதனால் கண் போய்க்கொண்டிருந்ததை வேலை காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு வைக்கோல் டிராக்டர் காட்டிக்கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பட்டப்பகலில், தெருவோரம் நின்றுகொண்டிருந்த அதன் பக்கவாட்டில் போய் மோதினார். மறுநாள் தனியாகத் தஞ்சாவூருக்குப் போய்க் கண் மருத்துவரைப் பார்த்தார். ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். சோதனை பாதி முடிந்திருந்தது.

விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது என்றார் மருத்துவர். பிறவியிலேயே வந்தது. நடுப்பார்வை இன்னும் சில வருடம் இருக்கலாம். மருந்து கிடையாது.

"குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணுங்க. இருபத்தஞ்சு வயசு."

"இது ரத்தத்துல வர்றது. ஒருதடவை அழைச்சிட்டு வாங்க. இருந்தா, வண்டி ஓட்டுறது, வேலை எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சு வச்சிக்கலாம்."

சரிங்க என்றார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்து, வீட்டில் கையுறைகள் வைத்திருக்கும் தகரப் பெட்டியின் அடியில் போட்டார். மனைவி மலர்க்கொடியிடம் சொல்லவில்லை. மகள் செம்மொழியிடம் சொல்லவில்லை. மருந்து இல்லாத நோயைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, தெரியாமல் இருக்கிறவரை அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருந்தது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமை.

ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாலு சைக்கிள் கிளம்பும். தார் ரோட்டில் ஏறக்கூடாது, அவசரப்படக்கூடாது என்ற இரண்டும்தான் சட்டம். கல்யாண ஓடைக் கரை, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் கரை, வரப்பை விடக் கொஞ்சம் அகலமான வண்டித்தடம், தென்னந்தோப்புகளின் பின்பக்கம் என்று பத்துப் பதினைந்து கிலோமீட்டர். ஏதாவது ஒரு மதகின் மேல் உட்கார்ந்து மலர்க்கொடி கொண்டுவந்த இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். புகழேந்தி முன்னால். அவருக்குப் பின்னால் செம்மொழி. தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், வாரக் கடைசிக்கு ஸ்கூட்டியில் ஊருக்கு வருவாள். மூன்றாவது அப்துல் ரஹ்மான், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் நண்பர். கடைசியில் மலர்க்கொடி.

முன்னால் போகிறவர் வழியில் எதைக் கண்டாலும் குரல் கொடுக்க வேண்டும். முள்ளு என்றால் முள்ளு, பள்ளம் என்றால் பள்ளம். அடுத்தவர் அதை வாங்கித் தனக்குப் பின்னால் வருகிறவருக்குத் தர வேண்டும். மலர்க்கொடிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் அவளும் ஒருமுறை சொல்லி வைப்பாள்.

"யாருக்கு தங்கச்சி சொல்ற? பேய்க்கா?" என்பார் ரஹ்மான்.

"பேயா இருந்தாலும் சைக்கிள்ல வந்தா விழக்கூடாதுல்லண்ணே."

இந்த வரிசையில் முதல் இடம் புகழேந்திக்கு வேண்டியிருந்தது. ஏன் என்று அவர் ஆராய்ந்ததில்லை. மோட்டார் சைக்கிளைச் சர்க்கரை வியாதி என்று சொல்லி விட்டுவிட்டார். பொழுது சாய்ந்தபிறகு வெளியே போவதை முழங்கால் வலி என்று சொல்லி விட்டுவிட்டார். மிச்சம் இருந்தது இது ஒன்று. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழியும் வைத்திருந்தார். சனிக்கிழமை காலை தனியாக அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவார். எந்த இடத்தில் கரை அரித்திருக்கிறது, எங்கே கருவேல முள் வெட்டிப் போட்டிருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்த குரல்களெல்லாம் பார்த்துச் சொன்னவை அல்ல, ஒப்பித்தவை.

ஜூன் முதல் வாரம். மேட்டூர் திறக்க இன்னும் பத்து நாள். வாய்க்கால்கள் வறண்டு அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்தச் சனிக்கிழமை தியாகேசன் என்பவர் வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று விடியற்காலையிலேயே ஆள் வந்துவிட்டது. மதியம்வரை போராடி, செத்த கன்றைத்தான் எடுக்க முடிந்தது. களைத்துப்போய் வந்து படுத்தவர் பாதையைப் பார்க்கப் போகவில்லை. மறுநாள் பயணத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் பார்த்த கரைதானே, ஒரு வாரத்தில் எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார். தண்ணீர் வருவதற்குமுன் தூர்வாரும் மாதம் அது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

காலை நன்றாகத்தான் இருந்தது. வலது பக்கம் கஜா புயலில் சாய்ந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. அவற்றை ஒட்டிப் போனால் கரையின் நடுவில் இருப்பதாகக் கணக்கு. செம்மொழி அப்பாவின் பின்சக்கரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்து பேசுவது ரஹ்மானின் வழக்கம் என்பதால் அவர் கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்கி வந்தார்.

"மாமா, இந்த வருசம் ஸ்கூல் யூனிஃபார்ம் என்ன துணி?"

"அதை ஏன் கேக்குற. போன வருசம் கட்டம். இந்த வருசம் கோடு. கட்டத்தை அழிச்சிக் கோடாக்குற மிசினு தஞ்சாவூர்ல கெடைச்சா வாங்கிட்டு வா. நாப்பது செட்டு வெட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், அடுத்த திங்கக்கெழமை ஸ்கூலு…"

பேச்சு அங்கே நின்றது. சைக்கிள் மண்ணில் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மலர்க்கொடியின் கூச்சல்.

"நில்லுங்க! நில்லுங்க! அண்ணன் விழுந்துட்டாரு!"

பொக்லைன் வாய்க்காலுக்குள் இறங்குவதற்காகக் கரையின் இடது பாதியைச் சரிவாக வெட்டியிருந்தார்கள். மண் இன்னும் ஈரம் காயவில்லை. முந்தின நாள் வேலை. வலது பக்கம் இரண்டடித் தடம்தான் மிச்சம் இருந்தது. அதன்மேல்தான் அப்பாவும் மகளும் போயிருந்தார்கள். ரஹ்மான் கீழே புழுதியில் உட்கார்ந்து வலது கையை இடது உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல," என்றார். பிறகு, "இந்தக் கை என்னோடது மாதிரியே இல்லயே புகழு," என்றார்.

மலர்க்கொடிக்குக் கோபம் தாங்கவில்லை. "எருமை படுக்குற அளவுக்கு வெட்டிக் கெடக்கு. ரெண்டு பேரும் அதை ஒட்டித்தான போனீங்க. ஒரு வார்த்தை குரல் குடுக்கல. கண்ணை எங்க வச்சிட்டுப் போனீங்க, அப்பனும் மகளும்?"

"நான் பாக்கலம்மா."

"போனைப் பாத்துக்கிட்டு வந்திருப்ப."

"போனு பைக்குள்ள கெடக்கு. நெசமாம்மா, அந்தப் பக்கம் எனக்குத் தெரியவே இல்ல."

புகழேந்தி மகளைப் பார்த்தார். பள்ளத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை ஓட்டிப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்தாள். அப்படிப் பார்க்கிறவர் இந்த ஊரில் ஒருவர்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

"விடு தங்கச்சி. அவங்களை ஏன் வையுற?" என்றார் கீழே இருந்து ரஹ்மான். "நான்தான் பேசிக்கிட்டே வந்தேன். என் வாய்க்குக் கரை ஏது."

பழியை அவர் எடுத்துக்கொண்டார். புகழேந்தி கொடுத்துவிட்டு நின்றார். நாற்பது செட்டு யூனிஃபார்ம் தைக்க வேண்டிய கை அது.

ஒரத்தநாட்டு அரசு மருத்துவமனையில் படம் எடுத்து, மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம். வீட்டில் கொண்டுபோய் விடும்போது ரஹ்மான் கட்டைத் தூக்கிக் காட்டி, "இடது கையால பட்டன் வச்சிருவேன். மத்ததுக்குத்தான் ஆள் பாக்கணும்," என்றார். "நான் வந்து காஜா எடுத்துத் தர்றேண்ணே," என்றாள் மலர்க்கொடி. ரஹ்மான் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பதினெட்டு வயதில் மெஷினில் உட்கார்ந்த மனிதர் ஒரு ஜூன் மாதம் சும்மா இருந்ததில்லை.

இதெல்லாம் முடிந்து வீடு வந்து சேர, சாயங்காலம் ஆறு தாண்டிவிட்டது. ஞாயிறு நாலு மணிக்கே தஞ்சாவூருக்குக் கிளம்புகிறவள் செம்மொழி. இன்றைக்குத் தாமதம். ஸ்கூட்டியை வாசலுக்குத் தள்ளிவிட்டு, பையை எடுக்க உள்ளே போனாள். சாவி வண்டியில் தொங்கியது. புகழேந்தி எழுந்துபோய் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, சாவி?"

"காலையில போயேன்."

"ஏழு மணிக்கு டூட்டிப்பா. குடுங்க, இருட்டப்போவுது."

"இருட்டுனா உனக்கு ரோடு எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லும்மா."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "எதுத்தாப்ல லைட்டு அடிச்சா நடுவுல மட்டும் தெரியும். ஓரம் தெரியாது. முன்னாடி ஒரு பஸ்ஸு போவும்ல, அதோட செவப்பு லைட்டைப் புடிச்சிக்கிட்டே போயிருவேன். பஸ்ஸு நின்னா நானும் நிப்பேன்." அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இருட்டுனா எல்லாருக்கும் அப்படித்தானப்பா."

மாட்டின் வால் அவர் கைக்குள் இருப்பதுபோல இருந்தது.

"இல்லம்மா," என்றார். "எல்லாருக்கும் அப்படி இல்ல."

உள்ளே போனார். தகரப் பெட்டியின் அடியிலிருந்து சீட்டை எடுக்க அவருக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார், டிராக்டரில் மோதியதிலிருந்து சனிக்கிழமை நடைவரை, மருத்துவர் மகளை அழைத்து வரச் சொன்னதுவரை. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ராத்திரிச் சாப்பாட்டுத் தூக்குடன் வந்த மலர்க்கொடி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். காலையில் திட்டியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தூக்கைக் கீழே வைக்க மறந்து பிடித்துக்கொண்டே இருந்தாள்.

செம்மொழி வாசல் விளக்கைப் போட்டு, அதனடியில் சீட்டைப் பிரித்தாள். ரத்தப் பரிசோதனைக் காகிதங்களோடு பழகியவள், நோயின் பெயரைத் தேடுவாள் என்று நினைத்தார். அவள் முதலில் தேதியைப் படித்தாள்.

"ரெண்டு வருசம் ஆச்சாப்பா?"

"ஆமா."

"இந்த ரெண்டு வருசமும் நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

மருந்து இல்லாத நோயைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற பதில் அவரிடம் தயாராக இருந்தது. இரண்டு வருடமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பதில். பேருந்தின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிற ஒருத்தியிடம் அதைச் சொல்ல முடியவில்லை. ரஹ்மானின் வீட்டுக்கும் நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அங்கேயும் அந்தப் பதில் உதவாது.

மலர்க்கொடி தூக்கைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"தஞ்சாவூருக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"அஞ்சே கால்."

"மூணு பேரும் போறோம். அந்த டாக்டரைப் பாக்காம நான் திரும்பி வரமாட்டேன்."

செம்மொழி சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அஞ்சே கால்னா இருட்டாத்தான இருக்கும்," என்றாள்.