சுவரைப் பார்த்த ஊர்கள்

லுத்விக் முப்பத்தோரு வருஷம் சுற்றுலாப் பேருந்து ஓட்டினான். எங்கள் ஊர் திரெபிச்சிலிருந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டு எந்தக் கோட்டைக்குப் போனாலும் சரி, ஜனங்களை இறக்கிவிட்டு ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து தூங்குவான். ஒரு கோட்டைக்குள்ளும் கால் வைத்ததில்லை. புண்ணியவானுக்கு அதில் பெருமை வேறு!

வண்டி நிற்கும் இடத்திலேயே கடை இருக்கும். ஊரின் படம் பொறித்த வட்டமான மரவில்லை விற்பார்கள். அந்த வில்லை அந்த ஊரில்தான் கிடைக்கும். ஊரைக் கண்ணால் பார்த்தவர்தான் அதை வீட்டில் மாட்டலாம், எங்கள் பக்கத்தில் இதில் கறாராக இருப்பார்கள். லுத்விக் போன இடத்திலெல்லாம் மனைவி மிலடாவுக்கு ஒன்று வாங்கி வருவான். அவளும் வீட்டு நடையில் ஆணியடித்து மாட்டுவாள். ஆனால் படம் சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

"போகாத ஊரோட மூஞ்சிய நான் எதுக்குக் காட்டிக்கணும்? கூட்டிட்டுப் போ, திருப்பி வைக்கிறேன்."

"வாரம் பூரா ஓட்டுறேன், லீவுலயும் ஓட்டணுமா? ரிட்டயர் ஆகட்டும், ஒண்ணு விடாம சுத்தலாம்."

அவன் பேருந்தில் எத்தனை நாள் இருக்கை காலியாகக் கிடந்தது! "வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி.

மார்ச்சில் ஓய்வு பெற்றான். ஏப்ரலில் மிலடாவின் கணையத்தில் கட்டி என்றார் டாக்டர். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கோட்டைகளைத் திறக்கிற மாதம் அது. சுவரில் நாற்பத்தோரு வில்லைகள் இருந்தன.

மே மாதம் பழைய ஸ்கோடாவில் கிளம்பினார்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியை மிலடாவே பொட்டலம் கட்டினாள், சாப்பிட்டது அவன் மட்டும்தான். முதலில் டெல்ச் ஊர்ச் சதுக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு முகப்பாக நின்று பார்த்தாள். அடுத்து பெல்ஹ்ரிமோவ், பிறகு ஸ்லாவோனிட்சே. யாராவது செருப்போடு வீட்டுக்குள் வந்தால் சண்டைக்குப் போகிறவள், அந்த மூன்று நாளும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் வில்லையைத் திருப்பினாள்.

அவள் ரொம்ப ஆசைப்பட்டது க்ரும்லோவுக்கு. ஜூலையில் போனார்கள். பார்க்கிங்கில் கதவைத் திறந்து கை நீட்டினான். இரண்டு தடவை எழப் பார்த்தாள், முடியவில்லை.

"நீ போயிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு. நான் உன்னை மாதிரி வண்டியிலயே தூங்குறேன்."

இருநூறு தடவை வந்த ஊர், முதல்முறையாகப் பாலத்தைத் தாண்டினான். ஆறு ஊரையே சுற்றி வளைந்து ஓடியது, மேலே வண்ணம் தீட்டிய கோபுரம் வெயிலில் நின்றது. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு லுத்விக் ஓவென்று அழுதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள், அவன் திரும்பி வந்ததும்.

"என்ன பெரிய ஊரு. வெறும் கல்லு."

"மூக்கு சிவந்து கிடக்கு கிழவா, பொய் சொல்லாத."

"அழகா இருக்கு மிலடா. ஐயோ, அவ்வளவு அழகா இருக்கு."

அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இதையும் திருப்பி வச்சிரலாமா? வாசல் வரைக்கும் வந்துட்டியே," என்றான்.

"பார்க்கிங்கப் பார்த்தா ஊரப் பார்த்ததா ஆயிடுமா? அடுத்த தடவை வரலாம்."

செப்டம்பரில் அவள் கண்ணை மூடினாள்.

தகனம் முடிந்து உறவுக்காரர்களோடு வீட்டுக்குள் நுழைந்த லுத்விக் அப்படியே நின்றுவிட்டான். நடைச்சுவரில் நாற்பத்தோரு ஊர்களும் முகம் காட்டிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு அழகாக இருக்கட்டுமென்று மகள் யிட்கா காலையிலேயே திருப்பி வைத்திருந்தாள்.

"இத்தனை ஊரா! கொடுத்து வச்சவ மிலடா," என்றார்கள் வந்தவர்கள்.

எல்லோரும் போனதும் லுத்விக் எழுந்துபோய், அவள் பார்த்த மூன்றை விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் திருப்பத் தொடங்கினான். முப்பத்தேழு ஆயிற்று. க்ரும்லோவ் கைக்கு வந்தபோது கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றான். பிறகு அதையும் திருப்பினான்.

"ஏம்ப்பா? நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் யிட்கா.

"அவ போகலம்மா," என்றான். "நான் கூட்டிட்டுப் போகல."